மூன்று பேரும் சாப்பிட்டார்கள்

விழுப்புரம்
8.6.1986, ஞாயிறு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராயப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நேற்று சனிக்கிழமை இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஜெபமாலை முடிந்து கொசுவலை கட்டுவதற்கு முன்பாக, இக்குடும்பத்தின் வரலாற்றில் முக்கியமான தீர்மானம் ஒன்று நிறைவேறியது. இனி ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும், ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தக்க காரியம் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். மற்றவர்கள் கொட்டாவி விட்டது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

காரணம், போன ஞாயிறு சாமியார் வைத்த பிரசங்கம். பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒருவனா, மற்ற ஒன்பதா என்று கேட்டார். நான் என் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பதில் மூன்று என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் விவரம்: பெரியவன் பெலவேந்திரன், மறுநாள் லீவு என்பதற்கு நன்றி சொன்னான். ஆக்னேஸ், அப்பா ஜெபத்தைச் சீக்கிரம் முடித்ததற்கு. சின்னப்பன், எதிர்வீட்டு நாய் செத்துப்போனதற்கு. ஒரு சாவுக்கு நன்றி சொல்லக்கூடாது என்று விளக்கினேன். அப்படியானால் பெரிய வெள்ளிக்கிழமை எதற்கு என்று கேட்டான். தீர்மானத்தில் இதற்கு விதி இல்லாததால் படுக்கச் சொன்னேன். சவுரியம்மாள், "மூணு பேரும் சாப்பிட்டாங்க, ஆண்டவருக்கு நன்றி" என்றாள்.

அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்து நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. 1983 தை மாதம் மூன்று மாதத்துக்கென்று நீங்கள் பிலோமியை அழைத்துப்போனபோது அவளுக்கு ஒரு பல்கூட விழுந்திருக்கவில்லை. இப்போது நான்காம் வகுப்பு என்று நினைக்கிறேன். இங்கே பள்ளி நாளை திறக்கிறது. தகவலுக்காக எழுதினேன்.

மாமாவின் முழங்காலையும் உங்கள் இருமலையும் தினம் ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்புத் தம்பி,
ராயப்பன்

*

திண்டிவனம்
2.7.1986

அன்புத் தம்பி ராயப்பனுக்கு,

அக்கா இருதயமேரி ஆசீர்வாதம். மாமாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இருமல் அப்படியே இருக்கிறது, முழங்காலும் அப்படியே. உங்கள் ஜெபம் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. ரயில்வே பார்சல் ஆபீசில் இருப்பவன் நீ, எங்கே நிற்கிறது என்று விசாரித்துப் பார்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பள்ளி திறந்ததும் தையல் டீச்சருக்குத்தான் முதல் தலைவலி. எண்பது பிள்ளைகளுக்கு யூனிபார்ம், எண்பதும் ஒரே அளவு என்று தலைமையாசிரியை நினைக்கிறார்.

சின்ன வயதில், கொடுத்த முறுக்கு சின்னதாக இருக்கிறதென்று கொடுத்தவர் மேலேயே எறிந்தவன் நீ. நீ இப்போது நன்றி சொல்லிக்கொடுக்கிறாய் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அதற்கு நன்றி.

விளையாட்டுக்குச் சொல்கிறேன், நல்ல பழக்கம்தான். பிலோமிக்கும் ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே, "அத்தை மிஷின்ல கால் வச்சி மிதிக்க வுட்டாங்க, அதுக்கு நன்றி" என்றாள். நான்காம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து முத்து முத்தாக வருகிறது.

சவுரியம்மாளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
இருதயமேரி

*

விழுப்புரம்
27.7.1986

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். ஆடிக் காற்றில் குவார்ட்டர்ஸ் கூரையிலிருந்து மண் கொட்டுகிறது. அதற்கும் ஒருநாள் பெலவேந்திரன் நன்றி சொன்னான், ஓடு கொட்டவில்லை என்பதற்காக.

தீர்மானம் நாற்பத்தெட்டாம் நாளைத் தாண்டிவிட்டது. சில சிக்கல்கள் எழுந்துள்ளன. காற்றுக்கு நன்றி, தண்ணீருக்கு நன்றி, வெளிச்சத்துக்கு நன்றி என்று மூன்றையும் பிள்ளைகள் தங்களுக்குள் முறைவைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆக்னேஸ் மட்டும் கொஞ்சம் உழைத்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காந்திமதி அக்காவை இன்று அவர் புருஷன் அடிக்கவில்லை, அதற்கு நன்றி என்று உரக்கச் சொன்னாள். சுவர் ஒற்றைக்கல் சுவர். மறுநாள் காலையில் காந்திமதி அவளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தாள். அந்தப் புருஷன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஆகவே ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஒருமுறை நன்றி சொன்ன காரியத்தை மறுமுறை சொல்லக்கூடாது. புதிதாகத் தேட வேண்டும், தேடினால்தான் கண் திறக்கும்.

இதில் சவுரியம்மாள் மாட்டிக்கொண்டாள். அவள் நாற்பத்தெட்டு நாளும் அதே மூன்று பேர் சாப்பிட்டதைத்தான் சொல்லிவந்திருக்கிறாள். வேறு சொல் என்றேன். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள். உடம்பு தேறியதைச் சொல்லலாமே என்று எடுத்துக்கொடுத்தேன். எழுந்து கொசுவலை கட்டினாள். அதிலிருந்து தன் முறை வரும்போது அடுத்தவரைப் பார்க்கிறாள். நன்றிகளைக் குறித்துவைக்கும் நோட்டில் அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டு வருகிறேன்.

சின்னப்பன் வேறு, ரேஷன் கார்டில் நாலு பிள்ளை இருக்கும்போது அம்மா ஏன் மூணு என்றே சொல்கிறது என்று கேட்டான். படுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். பத்து நாள் பிலோமி இங்கு வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எனக்குப் பாஸ் இருக்கிறது, நானே வந்து அழைத்துவருவேன். உங்கள் சௌகரியத்தை எழுதவும்.

தங்கள் அன்புத் தம்பி,
ராயப்பன்

*

திண்டிவனம்
5.10.1986

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் சுகம்தானே. இங்கே மாமாவுக்கு முழங்காலில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து என் கை வழுக்குகிறது.

உன் கடிதம் ஆடியிலேயே வந்துவிட்டது. காலாண்டு விடுமுறைக்குப் பிலோமியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். விடுமுறை முடிந்துவிட்டது என்று நேற்றுத்தான் கவனித்தேன். நடுவில் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வேறு. இப்போது ஒன்றுமில்லை. கஞ்சி குடித்துவிட்டுத் தெருவில் பாண்டி ஆடுகிறாள்.

பொத்தான் காஜா எடுக்கப் பழகிவிட்டாள். என் வகுப்பில் பதினைந்து வயதுப் பெண்களுக்கு வராதது அவளுக்கு வருகிறது. நன்றிச் சமாசாரமும் ஒழுங்காக நடக்கிறது. நீ போட்ட விதியை அவள் நான் சொல்லும் முன்பே கண்டுபிடித்து, சொன்னதைச் சொல்லுவதில்லை. நேற்று, ஊசிக்கு ஒரே ஒரு கண் இருப்பதற்கு நன்றி சொன்னாள். இரண்டு இருந்தால் எதில் கோர்ப்பது என்று குழம்புமாம்.

பாஸ் இருக்கிறது என்கிறாய். எந்த வண்டியிலும் வரலாமே, யார் வேண்டாம் என்றது. மீன் வாங்கி வைக்கிறேன்.

அக்கா,
இருதயமேரி

*

விழுப்புரம்
26.10.1986

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு நான் வந்து போனதில் உங்களுக்குச் சிரமம். மீன் குழம்பு நன்றாக இருந்தது. நீங்கள் கொடுத்த மல்லாட்டையை உரித்து, கடலையை வறுத்துத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் மூன்றும் வயிற்றுவலியில் படுத்தன. இப்போது சுகம்.

வரும்போது உங்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். முண்டியம்பாக்கத்தில் அது முழுதாக இருந்தது. பேரணியில் ஒரு வார்த்தை குறைந்தது. மயிலத்தில் பாதி இருந்தது. திண்டிவனத்தில் இறங்கி உங்கள் வீட்டுக்குள் வந்து நான் சொன்னது, இந்த வருடம் மழை பரவாயில்லையா என்பது. பரவாயில்லை என்றீர்கள். பிலோமி தண்ணீர் கொண்டுவந்தாள். கதவின் நடுத் தாழ்ப்பாள் உயரத்துக்கு வந்துவிட்டாள். திரும்பும் வண்டியில் அந்த வாக்கியம் விக்கிரவாண்டியில் மறுபடி முழுதாகக் கிடைத்தது.

வீட்டுக்குள் வந்ததும் சவுரியம்மாள் எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மல்லாட்டைப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இதனிடையே தீர்மானத்தின் இரண்டாம் பகுதி அமலுக்கு வந்துள்ளது. ஆண்டவருக்கு மட்டும் சொன்னால் போதாது, நமக்கு நல்லது செய்த மனிதர் ஒருவருக்கு மாதம் ஒருவர் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். இந்த மாதம் சவுரியம்மாள் முறை. உங்களுக்கு எழுதச் சொன்னேன். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. மூன்று நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து நான்கு வரி எழுதினாள். எழுத்துப்பிழைகள் இருந்தன. கருத்தும் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. ஆபீசுக்கு வரும் மனுக்களைத் திருத்தி எழுதிக் கொடுப்பது எனக்குப் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அதேபோலத் திருத்தி, நல்ல தாளில் பிரதி எடுத்து, அவளிடம் கையெழுத்து வாங்கி இணைத்திருக்கிறேன். படித்துக் காட்டவா என்று கேட்டேன். அவள் அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள், கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டுக்கொடுத்தாள்.

தங்கள் அன்புத் தம்பி,
ராயப்பன்

(இணைப்பு)

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு, சவுரியம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நோயுற்றுக் கிடந்த காலத்தில் என் மகளைத் தங்கள் மகளாகவே ஏற்று வளர்த்துவரும் தங்களுக்கு எவ்வாறு நன்றி கூறுவேன். தங்களைக் காட்டிலும் நல்ல தாய் அவளுக்கு வாய்த்திருக்க முடியாது. இந்த உபகாரத்துக்குக் கைம்மாறு செய்ய எங்களால் இயலாது. யாவும் ஆண்டவர் சித்தம், அடுத்தது தங்கள் சித்தம்.
சவுரியம்மாள்

*

திண்டிவனம்
31.10.1986

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்றுக் கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். சவுரியம்மாளின் கடிதத்தை ஆறு முறை படித்துவிட்டேன். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோழி கூடையில் அடைந்ததா என்று பார்க்கப் போனார், வெகுநேரம் வரவில்லை.

ராயப்பா, மூன்றரை வருடமாக உன் கடிதம் வந்தால் நான் உடனே பிரிப்பதில்லை. மிஷின் டிராயரில் போட்டுவைப்பேன். இரண்டு நாள், மூன்று நாள் கழித்துப் பிரிப்பேன். ஏன் என்று நீ கேட்காதே. இனிமேல் வந்த அன்றைக்கே பிரிப்பேன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். வில்லியனூர் மாதாவிடம் ஒவ்வொரு வருடமும் நடந்தே போய்க் கேட்டது, தபால்காரர் பச்சைமுத்து கையில் வந்து சேர்ந்தது. பெற்றவள் வாயாலேயே சொன்ன பிறகு எனக்கு வேறென்ன வேண்டும். சாமியாரிடமும் காட்டினேன். நவம்பர் 30, ஞாயிறு இரண்டாம் பூசையை நன்றிப் பூசையாக வைத்திருக்கிறேன். பீடத்திலிருந்து வாசிக்க உபதேசியார் கருத்து எழுதிக்கொண்டார்: ஒரு மகளைப் பெற்றுக்கொண்ட இருதயமேரி குடும்பத்தார், ஆண்டவருக்கு நன்றியாக ஒப்புக்கொடுக்கும் பூசை. ஊரே கேட்கப்போகிறது.

எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பழக்கம். குடும்பத்தோடு வாருங்கள். ஈஸ்டர் முடிந்ததும் அவள் முதன்முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மையும் இங்கேதான். வெள்ளைக் கவுனுக்கு அளவெடுத்துவிட்டேன்.

சவுரியம்மாளுக்கு என் முத்தங்கள்.

அக்கா,
இருதயமேரி

*

விழுப்புரம்
7.12.1986

அண்ணிக்கு சவுரியம்மாள் தோத்திரம். நான் சொல்லச் சொல்ல ஆக்னேஸ் எழுதுது. நீங்க, மாமா, புள்ள எல்லாரும் சுகமா.

பூசைக்கு நாங்க வரல. உங்க தம்பி, காய்ச்சல்னு கார்டு போட்டாராம். யாருக்கும் காய்ச்சல் இல்ல. நீங்க அவருக்கு எழுதின லட்டரு அவரு சட்டப் பையில இருந்திச்சி. துணி தொவைக்கும்போது எடுத்தேன். ஆக்னேஸ் படிச்சிது. அந்த நல்ல லட்டரு நான் எழுதினது இல்ல அண்ணி. நான் எழுதினது நாலு வரி. இதான்:

'அண்ணி, என் ஒடம்பு நல்லா ஆயிட்ச்சி. மூணு மாசம்னு சொல்லி அனுப்பினேன். நாலு வருசம் ஆவப்போது. புள்ளைய அனுப்புங்க.'

உங்கள குத்தம் சொல்லல. நான் பாயில படுத்துக்கினு ரத்தம் துப்பிக்கினு இருந்தப்ப எம் புள்ளைக்கி சோறு போட்டு, தல வாரி, பள்ளிக்கூடம் அனுப்புனது நீங்க. எனக்கு தெரியும். தெனம் ராத்திரி நன்றி சொல்லு சொல்லுன்னு அவரு சொல்றாரு. உங்களுக்குன்னு நெனைச்சா எனக்கு வாய் வர்ல. நன்றின்றது கடையில சாமான வாங்கிக்கினு கெளம்பும்போது சொல்றது. நான் இன்னும் வாங்கிக்கல. வாங்கிக்கினு அப்பறமா சொல்றேன். ஒரு நாளைக்கி நூறு தடவ சொல்றேன்.

பூசை வச்சிட்டீங்க, ஊரு கேட்டுச்சி, அத நான் மாத்த முடியாது. ஆனா ஆண்டவரு கேட்டது ஒரு பக்கந்தான்.

உங்க தம்பிய கோச்சிக்காதீங்க. அவரு படிச்சவரு.

கிறிஸ்மசுக்கு புள்ளைக்கி பாவாட சட்ட தெச்சி அனுப்பறேன். உங்க அளவுக்கு நேர்த்தியா இருக்காது.

சவுரியம்மாள்

(இதை அப்பா பார்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. ஆக்னேஸ்)

*

திண்டிவனம்
4.1.1987

விழுப்புரம் அம்மாவுக்கும் விழுப்புரம் அப்பாவுக்கும் பிலோமினா அன்புடன் எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா. அண்ணன், அக்கா, தம்பி நலமா.

கிறிஸ்மசுக்கு நீங்கள் அனுப்பிய பாவாடை சட்டைக்கு மிக்க நன்றி. சட்டை கொஞ்சம் சின்னதாக இருந்தது. அம்மா பக்கவாட்டில் பிரித்துத் துணி வைத்துக் கொடுத்தார்கள். இப்போது சரியாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய அதிரசத்துக்கு நன்றி. வாழ்த்து அட்டைக்கு நன்றி. என்னை நினைத்துக்கொண்டதற்கு நன்றி. என்னைப் பெற்றதற்கு நன்றி. கடைசியாக எழுதியது மட்டும் அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை, நானே எழுதினேன்.

நேரம் கிடைக்கும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
நன்றியுள்ள
ச. பிலோமினா

*

விழுப்புரம்
15.2.1987

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

பனி குறைந்துவிட்டது, எல்லோரும் நலம். சவுரியம்மாள் உங்களுக்கு எழுதியதாக ஆக்னேஸ் சொன்னாள். பத்து வாரம் ஆகிறது. பதில் வந்தால் நான் பிரிக்கமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

பிலோமியின் கடிதம் வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. பெயருக்கு முன் போட்டிருந்த எழுத்து சவுரிநாதன் மாமாவுடையது என்பதைப் பெலவேந்திரன்தான் முதலில் கவனித்தான். நான் கவனிக்காததுபோல் இருந்தேன். சவுரியம்மாள் ஆக்னேஸை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். சட்டை சின்னதாக இருந்தது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, எவ்வளவு சின்னது என்று கேட்டாள். கடிதத்தில் அந்த விவரம் இல்லை. "எம் புள்ள எனக்கு நன்றி சொல்லுது" என்றாள். அரிசி டின்னுக்குள் கடிதத்தைப் போட்டு மூடினாள். அன்று ராத்திரி எங்கள் நால்வருக்கும் சோறு போட்டுவிட்டுத் தனக்குப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள். சின்னப்பன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தீர்மானம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நேற்றுச் சின்னப்பன் தானாகவே, கொய்யாப்பழத்தில் புழு இல்லை, நன்றி என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சொல்லலாம் என்றேன்.

அக்கா, நான் திருத்தியது தவறு. அவள் எழுதிய தாளைக் கிழிக்கவில்லை, பார்சல் ரசீதுக் கட்டுக்குள் வைத்திருந்தேன். அதை இத்துடன் அனுப்புகிறேன். இதை அக்டோபரிலேயே அனுப்பியிருந்தால் நீங்கள் பூசை வைத்திருக்கமாட்டீர்கள். அந்தப் பூசையில் நீங்கள் அழுதீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் நான்தான் காரணம். இருபது வருடமாக ஊரார் மனுக்களைத் திருத்தி எழுதியிருக்கிறேன். யாரும் திரும்ப வந்து, என்ன கேட்டோம், என்ன எழுதினாய் என்று கேட்டதில்லை. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ராயப்பன்

*

திண்டிவனம்
12.4.1987, குருத்து ஞாயிறு

(கார்டு)

தம்பிக்கு ஆசீர்வாதம். புதுநன்மை 26ந் தேதி ஞாயிறு காலை ஏழு மணிப் பூசையில். ஐவரும் முதல் நாளே வந்துவிடவும். சவுரியம்மாள் கட்டாயம் வர வேண்டும். பாய் தலையணை இருக்கிறது. கார்டில் இவ்வளவுதான் எழுத முடியும்.
இருதயமேரி

*

விழுப்புரம்
3.5.1987

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். இரண்டு நாள் ஐந்து பேருக்கு ஆக்கிப் போட்டீர்கள். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மாமா என்னிடம் அதிகம் பேசவில்லை. அது சரிதான்.

கவுன் எல்லார் கண்ணிலும் பட்டது. இருபத்திரண்டு பிள்ளைகளில் நம்முடையது தனியாகத் தெரிந்தது. சவுரியம்மாள் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, உள்பக்கத் தையலும் வெளிப்பக்கம்போலவே இருக்கிறது என்று ஆக்னேஸிடம் சொன்னாள்.

ஒன்று கேட்க நினைத்து, அங்கே கேட்க முடியவில்லை. பிரசங்கம் முடிந்து, பெற்றோர் எழுந்துவந்து அவரவர் பிள்ளையின் மெழுகுதிரியைக் கொளுத்தவும் என்று உபதேசியார் சொன்னார். எல்லாத் தாய்மாரும் எழுந்து போனார்கள். பிலோமி திரியைப் பிடித்துக்கொண்டு நம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சவுரியம்மாள் அசையவில்லை. ஊர் அறிந்த தாய் நீங்கள், ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. நீங்கள் அப்போது குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். பிலோமி இரண்டாம் முறையும் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் நிமிரவில்லை. பீடத்துக்கு முன்னால் இருபத்தொரு திரி எரிந்துகொண்டிருந்தது. உபதேசியார் மணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் சவுரியம்மாள் எழுந்து போனாள். அவள் கிழித்த இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதைப் பிலோமி கை குவித்து மறைத்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் சவுரியம்மாளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரி பற்றிய பிறகுதான் நீங்கள் நிமிர்ந்தீர்கள். என்ன தொலைந்தது அக்கா? கிடைத்ததா?

திரும்பும் வண்டி பேரணியில் நாற்பது நிமிடம் நின்றது. ஏன் நிக்குது என்று சவுரியம்மாள் கேட்டாள். கிராசிங், எதிர்வண்டி வர வேண்டும் என்றேன். நான் பிலோமியைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்காமலே வந்துவிட்டேன். வாக்கியம் முழுதாகத்தான் இருந்தது.

தங்கள் தம்பி,
ராயப்பன்

*

திண்டிவனம்
26.5.1987

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். கத்திரி வெயில் முடியப்போகிறது, கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாமாவும் சுகம்.

உன் கடிதத்தை வந்த அன்றே பிரித்துவிட்டேன். பெஞ்சுக்கு அடியில் என்ன தேடினேன் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் தொலையவில்லை.

சவுரியம்மாளுக்குச் சொல்ல வேண்டியவை சில. அவளுக்குத் தனியாக எழுதலாம், ஆனால் படிக்கும் ஆள் ஆக்னேஸ்தானே, இதிலேயே எழுதுகிறேன். பிலோமி கத்திரிக்காய் தின்னமாட்டாள், அதட்டினால் வாயில் அடக்கிவைத்துப் பின்பக்கம் போய்த் துப்புவாள். சுவர் ஓரமாகப் படுத்தால்தான் தூக்கம் வரும். இடி இடித்தால் எழுப்ப வேண்டாம், காதைப் பொத்தினால் போதும். தலையில் எண்ணெய் அதிகம் வைத்தால் கொப்புளம் வருகிறது. இரண்டு மூன்று வாரம் அழுவாள் என்று நினைக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் அதிகமாக இருக்கும். இங்கே வந்த புதிதில் அப்படித்தான் செய்தாள். அப்போது நான் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அது பலித்தது. அவளை யாருக்கும் நன்றி சொல்லச் சொல்ல வேண்டாம். எனக்கும் கடிதம் எழுதச் சொல்ல வேண்டாம், அவளாக எழுதினால் எழுதட்டும்.

பள்ளியில் டி.சி. வாங்கி, தகப்பனார் பெயர் ராயப்பன் என்று மாற்றியாகிவிட்டது. சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் மாமா அழைத்து வருகிறார். நான் வர முடியாது, யூனிபார்ம் வேலை ஆரம்பித்துவிட்டது. வண்டி ஒன்பதே காலுக்கு வரும். நீ டியூட்டியில் இருந்தால் சவுரியம்மாளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்.

அக்கா,
இருதயமேரி

பின்குறிப்பு: ஜூன் முதல் சாயந்தரமும் வீட்டில் தையல் வகுப்பு வைத்திருக்கிறேன். ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, பிலோமி வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில்.